திரையில் எழுத்து: காது கேளாதோருக்கான வசன வரிகளின் வரலாறு

திரைப்படத்தின் முதல் முப்பது ஆண்டுகளில் காது கேட்பவருக்கும் கேளாதவருக்கும் இடையே திரையரங்கில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. 1895ஆம் ஆண்டு பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வசூலித்துப் படம் காட்டிய நாள்முதல் 1920களின் பிற்பகுதிவரை படங்கள் பேசவில்லை. நடிகரின் முகமும் கைகளும் கதையைச் சொல்லின. அவற்றால் சொல்ல முடியாததைக் காட்சிகளுக்கு நடுவே வந்த எழுத்து அட்டைகள் சொல்லின. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் படத்தை முழுமையாகப் புரிந்துகொண்டனர். பியானோ கலைஞர் அரங்கில் வாசித்த பின்னணி இசை மட்டுமே காது கேளாதவருக்கு எட்டவில்லை.

சைகை மொழியில் வளர்ந்தவர்களுக்கு அது இணக்கமான கலையாகவும் இருந்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கிரான்வில் ரெட்மண்ட் சிறு வயதிலேயே செவித்திறனை இழந்த நிலக்காட்சி ஓவியர். சார்லி சாப்ளினின் நண்பரான அவருக்குச் சாப்ளின் தம் படப்பிடிப்பு வளாகத்திலேயே ஓவியக்கூடம் அமைத்துக் கொடுத்தார். 1918இல் வெளியான ‘எ டாக்ஸ் லைஃப்’ உள்ளிட்ட சாப்ளின் படங்களில் ரெட்மண்ட் நடித்திருக்கிறார். 1931இல் வந்த ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் சிலையை வடித்த சிற்பியாக வருபவரும் அவரே. காது கேளாத வேறு சிலரும் அக்காலத்து நகைச்சுவைக் குறும்படங்களில் நடித்துப் பிழைத்தனர்.

படச்சுருளின் அருமையைக் காது கேளாதோரின் அமைப்புகள் முன்னரே உணர்ந்திருந்தன. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுவழியாகவே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்துச் சைகை மொழியைப் பள்ளிகளிலிருந்து ஒதுக்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் தேசியக் காது கேளாதோர் சங்கம் உருவானது. அதன் தலைவராக இருந்த ஜார்ஜ் வெடிட்ஸ், சைகை மொழி அழிந்துவிடும் என்று அஞ்சினார். சிறந்த சைகைப் பேச்சாளர்களின் உரைகளைப் படமாக்கிக் காக்கும் திட்டம் அதனால் தொடங்கியது. 1913இல் வெடிட்ஸே தோன்றிச் சைகை மொழியைப் பாதுகாக்கக் கோரும் உரை அவற்றுள் புகழ்பெற்றது. 2010இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது.

பேசும் படத்தின் வருகை

1927 அக்டோபர் 6ஆம் நாள் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் ‘தி ஜாஸ் சிங்கர்’ நியூயார்க்கில் திரையிடப்பட்டது. சில பாடல்களும் கொஞ்சம் உரையாடலும் மட்டுமே அதில் ஒலித்தன. மற்ற இடங்களில் எழுத்து அட்டைகளே இருந்தன. ஆயினும் அதன் வெற்றி தொழிலையே திருப்பிப்போட்டது. ஓரிரு ஆண்டுகளுக்குள் பெரிய நிறுவனங்கள் யாவும் பேசும் படத்துக்கு மாறின. இந்தியாவில் 1931 மார்ச்சில் ‘ஆலம் ஆரா’வும் அதே ஆண்டு அக்டோபரில் ‘காளிதாஸ்’ படமும் வந்தன. எழுத்து அட்டைகள் திரையிலிருந்து மறைந்தன.

இந்த மாற்றம் திரைப்பட வரலாறுகளில் பெரும்பாலும் முன்னேற்றமாகவே பதிவாகியிருக்கிறது. காது கேளாதோருக்கு அது வெளியேற்றம். நேற்றுவரை குடும்பத்தோடு வந்து பார்த்த அரங்கில், உதடுகள் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நிலைக்கு அவர்கள் வந்தனர். உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் அது உதவவில்லை. நடிகர் திரும்பி நின்று பேசினாலும், படம் நிலக்காட்சிக்கு நகர்ந்து குரல் மட்டும் தொடர்ந்தாலும் கதை அறுந்துவிடும். காது கேளாத நடிகர்களும் வாய்ப்பிழந்தனர்.

அதன்பின் அமெரிக்காவின் காது கேளாதோர் பலர் பிறநாட்டுப் படங்களைத் தேடிப்போயினர். பிரெஞ்சு, இத்தாலியப் படங்களில் ஆங்கில எழுத்து அடியில் ஓடியது. அவற்றைப் படித்துப் பார்க்க முடிந்தது. சொந்த நாட்டின் படம் புரியவில்லை, அயல்நாட்டுப் படம் புரிந்தது. படத்தின் மீது எழுத்தைப் பதிக்கும் தொழில்நுட்பம் 1930களிலேயே ஐரோப்பாவில் பழகிப்போயிருந்தது என்பதற்கு இதுவே சான்று. வேற்றுமொழிச் சந்தைக்காக அதைச் செலவிட்டுச் செய்தவர்கள், தம் மொழியே பேசும் நாட்டில் காது கேளாதவர்களுக்காகச் செய்ய முன்வரவில்லை.

தனிமனித முயற்சியும் 1958 சட்டமும்

முதல் முயற்சி காது கேளாத ஒருவரிடமிருந்தே வந்தது. கியூபாவில் 1900இல் பிறந்த எமர்சன் ரொமேரோ, டாமி ஆல்பர்ட் என்ற பெயரில் மௌன நகைச்சுவைப் படங்களில் நடித்தவர். பின்னாளில் புகழ்பெற்ற நடிகர் சீசர் ரொமேரோவின் உறவினர். பேசும் படம் அவருடைய திரைவாழ்வை முடித்துவிட்டது. 1947இல் அவர் பழைய படங்களின் பிரதிகளை வாங்கி, காட்சிகளுக்கு நடுவே சுருளை வெட்டி, வசனம் எழுதிய சட்டகங்களை ஒட்டினார். அப்படங்களைக் காது கேளாதோர் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் வாடகைக்குக் கொடுத்தார். மௌனப் பட அட்டைகளின் முறையே அது. ஒலித்தடம் அங்கங்கே அறுபட்டது, படத்தின் நீளம் கூடியது. ஆனாலும் இருபது ஆண்டு இடைவெளிக்குப்பின் அவர்கள் ஹாலிவுட் படத்தின் கதையைப் புரிந்துகொண்டு பார்த்தனர். 1949இல் லண்டனில் ஆர்தர் ரேங்க் நிறுவனம் வேறொரு வழியைச் சோதித்தது. கண்ணாடித் தகடுகளில் வசனத்தைப் பொறித்து, படம் ஓடும்போது அவற்றைத் தனியே ஒளிபாய்ச்சிக் காட்டினர்.

நிலையான அமைப்பு கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் உருவானது. 1817இல் அமெரிக்கக் காது கேளாதோர் பள்ளி தொடங்கியதும் அங்குதான். அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த எட்மண்ட் போட்னரும், நியூயார்க்கின் லெக்சிங்டன் பள்ளித் தலைவர் கிளாரன்ஸ் ஓ’கானரும் 1950ஐ ஒட்டி ‘கேப்ஷன்டு ஃபிலிம்ஸ் ஃபார் தி டெஃப்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். வெட்டி ஒட்டும் முறையை விட்டுவிட்டு, அயல்நாட்டுப் படங்களுக்கு வசன வரி பதித்த அதே முறையில் படத்தின் மீதே எழுத்தைப் பதித்தனர். அப்பள்ளியின் காது கேளாத ஆசிரியர் பியர் ராக்கோ வசனங்களைச் சுருக்கி வரிகளாக்கும் பணியில் ஈடுபட்டார். நன்கொடையை நம்பி நடந்த அந்த அமைப்பால் எட்டாண்டுகளில் சுமார் முப்பது படங்களையே திரட்ட முடிந்தது. ஒரு நாட்டின் தேவையைத் தருமம் தாங்காது என்பது தெளிவானது.

பார்வையற்றோருக்கு நூல்கள் வழங்க அமெரிக்க அரசு 1931 முதலே நிதி ஒதுக்கிவந்தது. அதை முன்மாதிரியாகக் காட்டி, காது கேளாதோருக்கு வசன வரியுடன் படம் வழங்கவும் சட்டம் வேண்டும் என்று போட்னரும் அவருடைய தோழர்களும் வாதிட்டனர். கனெக்டிகட் செனட்டர் வில்லியம் பர்ட்டெல் மசோதாவைக் கொண்டுவந்தார். 1958 செப்டம்பர் 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஐசனோவர் அதில் கையொப்பமிட்டார். ஆண்டுக்கு 2,50,000 டாலர்வரை செலவிட அச்சட்டம் இடமளித்தது. காது கேட்போரின் பண்பாட்டு வாழ்வில் திரைப்படத்துக்கு இருக்கும் இடம் காது கேளாதோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதை அது தன் முதல் நோக்கமாக அறிவித்தது. பொழுதுபோக்கையும் உரிமையாக ஏற்ற சட்டம் என்பதால் அது இன்றளவும் முக்கியமானது. 1962இலும் 1965இலும் வந்த திருத்தங்கள் கல்விப் படங்களையும் ஆசிரியர் பயிற்சியையும் சேர்த்துத் திட்டத்தை விரிவாக்கின.

ஆனால் இத்திட்டம் திரையரங்கின் கதவைத் திறக்கவில்லை. 16 மில்லிமீட்டர் பிரதிகள் காது கேளாதோர் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் கடனாக அனுப்பப்பட்டன. கட்டணம் வசூலிக்கக் கூடாது, பொது அரங்கில் காட்டக் கூடாது. படம் வெளியாகிச் சில காலம் கழித்தே அது சங்கக் கூடத்துக்கு வந்து சேரும். அந்த மாலைகளில் சமூகம் ஒன்றுகூடியது உண்மை. ஊரே பேசிக்கொண்டிருக்கும் படத்தை ஊரோடு சேர்ந்து பார்ப்பது மட்டும் நடக்கவில்லை.

தொலைக்காட்சி முந்தியது

1960இல் அத்திட்டத்தில் பணிக்குச் சேர்ந்த மால்கம் நார்வுட் காது கேளாதவர். தொலைக்காட்சியிலும் வசன வரி வர வேண்டும் என்று அரசுக்குள்ளிருந்தே உழைத்தவர். 1971இல் நாஷ்வில் நகரில் இதற்கான முதல் தேசிய மாநாடு கூடியது. 1972இல் பாஸ்டனின் டபிள்யூஜிபிஎச் நிலையம் ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை எல்லாருக்கும் தெரியும்படி வரிகளுடன் நாடு முழுதும் ஒளிபரப்பியது. காது கேட்கும் நேயர்களுக்கு எழுத்து இடையூறாகும் என்ற அச்சம் ஒளிபரப்பாளர்களிடம் வலுவாக இருந்ததால், வேண்டியவருக்கு மட்டும் தெரியும் முறை தேடப்பட்டது. தொலைக்காட்சி அலையின் 21ஆம் கோட்டில் எழுத்தை மறைத்து அனுப்புவதே அந்த முறை. 1976இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அக்கோட்டை இதற்கென ஒதுக்கியது. 1980 மார்ச் 16ஆம் நாள் முறையான ஒளிபரப்பு தொடங்கியது.

எழுத்தைக் காண 250 டாலர் அளவில் விற்ற தனிப்பெட்டி ஒன்றை வாங்கித் தொலைக்காட்சியோடு இணைக்க வேண்டியிருந்தது. பலரால் அது இயலவில்லை. எதிர்பார்த்த அளவு விற்பனையும் நடக்கவில்லை. 1990இல் வந்த சட்டம் இச்சிக்கலைத் தீர்த்தது. 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அந்தக் கருவி உள்ளேயே பொருத்தப்பட வேண்டும் என்று அது கட்டளையிட்டது. தனியாக வாங்க வேண்டிய உதவிப் பொருளாக இருந்தது எல்லா வீட்டிலும் இருக்கும் வசதியானது. முதியோரும், ஆங்கிலம் கற்கும் குடியேறியவர்களும், சத்தமிகு உணவகங்களில் அமர்ந்தவர்களும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினர். திரையரங்குகளோ அசையாமல் நின்றன.

திரையரங்குக்குள்

இவ்விடத்தில் இரண்டு முறைகளைப் பிரித்தறிய வேண்டும். திறந்த வரிகள் திரையிலேயே எல்லாருக்கும் தெரிபவை. மூடிய வரிகள் தனிக்கருவி வைத்திருப்பவருக்கு மட்டும் தெரிபவை. இரண்டிலும் உரையாடலோடு, யார் பேசுகிறார், கதவு தட்டப்படுகிறதா, தொலைவில் துப்பாக்கி ஒலிக்கிறதா, இசை எப்படி மாறுகிறது என்பவையும் எழுத்தில் இருக்க வேண்டும். மொழி புரியாதவருக்கான சாதாரண வசன வரிகளில் இவை இருப்பதில்லை. திகில் படம் ஒன்றில் படிக்கட்டில் கேட்கும் காலடி ஓசையைத் தவறவிட்டவர் கதையையே தவறவிட்டவர் ஆவார்.

1990களில் லாஸ் ஏஞ்சலிஸின் ட்ரைபாட் அமைப்பு, பெரிய நிறுவனங்களிடமிருந்து திறந்த வரிகள் பதித்த பிரதிகளைப் பெற்று நகரம் நகரமாக அனுப்பியது. பிரதிகள் மிகச் சில. ஒரு ஊருக்கு அது வரும்போது படம் பழசாகியிருக்கும். அதே காலத்தில் டபிள்யூஜிபிஎச் நிலையத்தின் ஆய்வுப் பிரிவு ‘ரியர் விண்டோ’ என்ற மூடிய முறையை உருவாக்கியது. அரங்கின் பின்சுவரில் உள்ள மின்பலகையில் எழுத்து இடவலம் மாறிய கண்ணாடிப் பிம்பமாக ஓடும். இருக்கையின் கோப்பைத் தாங்கியில் பொருத்திய ஒளிபுகும் தகடு அதைப் பிரதிபலித்து, திரையின் மேல் எழுத்து மிதப்பதுபோலக் காட்டும். 1997இல் ‘தி ஜாக்கல்’ படம் இம்முறையில் பொது அரங்கில் காட்டப்பட்டது. படச்சுருளின் காலக்குறியோடு இயைந்து தனி ஒளிபாய்ச்சி வழியே திரையில் எழுத்தைக் காட்டும் டிடிஎஸ் முறையும் பின்னர் வந்தது. அதற்குத் தனிப் பிரதி தேவைப்படவில்லை.

2010ஐ ஒட்டித் திரையரங்குகள் டிஜிட்டலுக்கு மாறியபோது செலவு என்ற பழைய காரணம் பெரிதும் நீங்கியது. படக்கோப்போடு வசன வரிக் கோப்பும் சேர்ந்தே வருகிறது. அதைத் திரையில் காட்டவோ, வளையும் கம்பியின் முனையில் சிறு திரையுள்ள கருவிக்கும் எழுத்து தோன்றும் மூக்குக்கண்ணாடிக்கும் அனுப்பவோ முடிகிறது. இன்று திறந்த வரிகளுடன் ஒரு காட்சியை நடத்துவதற்குப் புதிய பிரதி வேண்டியதில்லை. திரையரங்கு முடிவு செய்தால் போதும்.

நீதிமன்றமும் விதிகளும்

1990 ஜூலையில் நிறைவேறிய அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் திரையரங்குகளையும் பொது இடங்களாகவே கருதியது. ஆனால் அச்சட்டத்தை ஆராய்ந்த பிரதிநிதிகள் சபைக் குழு, திறந்த வரிகளைக் காட்டும் கடமை திரையரங்குகளுக்கு இல்லை என்று தன் அறிக்கையில் குறிப்பிட்டிருந்தது. அந்தக் குறிப்பு இருபது ஆண்டுகள் தடையாக நின்றது. 2002இல் ஓரிகன் மாநிலத்தில் காது கேளாதோர் தொடுத்த வழக்கு தோற்றது. 2010இல் அரிசோனா மாநில அரசு ஒரு திரையரங்குத் தொகுப்புக்கு எதிராக நடத்திய வழக்கில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் மாறுபட்ட தீர்ப்பை அளித்தது. திறந்த வரிகளைக் கட்டாயப்படுத்த முடியாவிட்டாலும், மூடிய வரிகள் சட்டம் கோரும் உதவிகளுள் அடங்கும் என்றது.

2016 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறை விதிகளை வெளியிட்டது. டிஜிட்டல் முறையில் படம் காட்டும் அரங்குகள், வசன வரி தயாரிக்கப்பட்ட எல்லாப் படங்களுக்கும் அதைக் கருவிவழியே வழங்க வேண்டும். ஒரே திரை உள்ள இடத்தில் குறைந்தது 4 கருவிகளும் 16 அல்லது அதற்கு மேற்பட்ட திரைகள் உள்ள இடத்தில் 12 கருவிகளும் இருக்க வேண்டும். 2018 ஜூன் 2 இதற்கான கெடு. சட்டத்தின் வரலாற்றில் இது பெரிய வெற்றி. நடைமுறையில் கருவிகள் பலமுறை கைவிட்டன. மின்கலம் தீர்ந்த கருவி, பாதிப் படத்தில் நின்றுபோகும் எழுத்து, பார்வையற்றோருக்கான ஒலிக்கருவியை மாற்றிக் கொடுக்கும் பணியாளர் ஆகியவை காது கேளாத ரசிகர்களின் நெடுநாள் முறையீடுகள். மடிக்கருகே உள்ள சிறு திரைக்கும் தொலைவிலுள்ள பெருந்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரம் பார்வையை மாற்றிக்கொண்டிருப்பதும் கண்ணை வருத்துவது.

2023 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் இந்தச் சிக்கல் உலகறிய வெளிப்பட்டது. நடுவர் குழுவில் இருந்த மார்லி மேட்லின், நடிப்புக்கு ஆஸ்கர் பெற்ற முதல் காது கேளாத கலைஞர். முதல் காட்சி ஒன்றில் அவருக்குத் தந்த கருவி வேலை செய்யவில்லை. அவரோடு சக நடுவர்களும் அரங்கைவிட்டு எழுந்து சென்றனர். பெயர்பெற்ற விழாவின் நடுவருக்கே இந்நிலை என்றால், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு படம் பார்க்க வரும் ஒருவரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

திறந்த வரிகளுக்கான கோரிக்கை

இந்த அனுபவங்களால்தான் திறந்த வரிகளுக்கான கோரிக்கை மீண்டும் வலுப்பெற்றது. 2015இல் ஹவாய் மாநிலம், ஒவ்வொரு படத்தையும் வாரத்துக்கு இருமுறை திறந்த வரிகளுடன் காட்ட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அமெரிக்க மாநிலங்களில் அதுவே முதல். காது கேளாத குடும்பத்தைப் பற்றிய ‘கோடா’ 2021இல் திறந்த வரிகளுடனேயே திரையரங்குகளில் வெளியாகி, அடுத்த ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. 2022 மே மாதம் நியூயார்க் நகரின் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வாரத்தில் நான்கு காட்சிகளுக்குமேல் ஓடும் படத்தின் காட்சிகளில் கால் பங்கில், அதிகபட்சம் நான்கில், திறந்த வரிகள் இருக்க வேண்டும். அவற்றில் ஒரு பகுதி மாலையிலும் வார இறுதியிலும் அமைய வேண்டும்.

நேரத்தைக் குறிப்பிட்ட அந்தப் பகுதியே இச்சட்டத்தின் உயிர். திறந்த வரிகளுக்கு எதிராக அரங்க உரிமையாளர்கள் சொல்லும் முதன்மைக் காரணம் கூட்டம் வராது என்பது. அத்தகைய காட்சிகளை வேலைநாளின் முற்பகலில் வைத்துவிட்டு, வந்தவர் சிலரே என்று கணக்குக் காட்டுவது பல ஊர்களிலும் நடந்திருக்கிறது. வேலைக்குப் போகும் காது கேளாதவர் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வர முடியாது. காது கேட்பவரும் அந்நேரத்தில் வருவதில்லை. ஆகவே அந்தக் கணக்கு எதையும் நிறுவவில்லை. எழுத்து கவனத்தைக் கலைக்கும் என்ற இரண்டாவது காரணமும் வலுவிழந்துவிட்டது. இணையத் தளங்களில் வரிகளை வைத்துக்கொண்டே படம் பார்ப்பது இளைஞர்களின் வழக்கமாகிவிட்டது. செவிக்குறையுடன் வாழ்வோர் உலகில் 150 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பகுதியினர் வயதால் செவி மங்கியவர்கள். நேற்றுவரை எழுத்தின்றிப் படம் பார்த்தவர்கள்.

இந்தியாவில்

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 50 லட்சம் பேருக்குச் செவித்திறன் குறை உண்டு. பேசும் மொழியிலேயே வரிகளைக் காட்டும் முயற்சி இங்கு எழுத்தறிவுக்காகவே முதலில் வளர்ந்தது. அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் பிரிஜ் கோத்தாரி 1990களின் இறுதியில் தொலைக்காட்சித் திரைப்பாடல்களில் அதைத் தொடங்கினார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் மின்னணு ஊடகங்களில் சைகை மொழியும் வசன வரிகளும் ஒலி விவரிப்பும் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்றது. திரையரங்குகளில் அது எழுத்தளவிலேயே நின்றது.

2023 ஜனவரியில் ‘பதான்’ படத்தை முன்வைத்து மாற்றுத்திறனாளிகள் சிலர் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடினர். படம் வெளியாகச் சில நாட்களே இருந்ததால் நீதிமன்றம் திரையரங்குக் காட்சிகளில் தலையிடவில்லை. இணையத் தளத்தில் வெளியிடும்போது இந்தியில் வசன வரிகளும் ஒலி விவரிப்பும் சேர்க்கப் பணித்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2024 மார்ச் 15ஆம் நாள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கான அணுகல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் பெறும் படங்கள் ஆறு மாதங்களுக்குள் செவிக்குறை உள்ளோருக்கும் பார்வைக்குறை உள்ளோருக்கும் தலா ஒரு வசதியேனும் தர வேண்டும். தேசிய விருதுக்கும் கோவா திரைப்பட விழாவுக்கும் அனுப்பப்படும் படங்களுக்கு 2025 ஜனவரி முதல் இரு வசதிகளும் கட்டாயம்.

பல மொழிகளில் ஒரே நாளில் வெளியாகும் பெரிய தமிழ்ப் படங்கள் யாவும் இந்நெறிகளுக்குள் வருகின்றன. தமிழ்ப் படங்களின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளைக் கொண்டு இக்கடமை நிறைவேறியதாகக் கொள்ள முடியாது. தமிழ்வழியில் படித்த காது கேளாதவருக்குத் தேவை தமிழ் வரிகள். பேசுபவர் பெயரும் ஒலிகளும் இசையும் குறிக்கப்பட்ட வரிகள்.

பேசும் படம் வந்து நூறாண்டு நெருங்குகிறது. தொழில்நுட்பம் ஒவ்வொரு கட்டத்திலும் முன்னரே தயாராக இருந்தது. 1930களில் எழுத்தைப் பதிக்கும் முறை இருந்தது. இன்று படக்கோப்பிலேயே எழுத்து வருகிறது. தடையாக நின்றது காட்ட மனமின்மையே என்பதை இந்த வரலாறு ஐயமின்றிக் காட்டுகிறது. சட்டம் நேரத்தையும் எண்ணிக்கையையும் வரையறுத்த இடங்களில்தான் மாற்றம் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டின் தயாரிப்பாளர்களும் திரையரங்கு உரிமையாளர்களும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வெளியாகும் ஒவ்வொரு தமிழ்ப் படத்துக்கும் முதல் வாரத்திலேயே, மாலையிலோ விடுமுறை நாளிலோ, தமிழ் வரிகளுடன் ஒரு காட்சியேனும் ஒதுக்கி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ரசிகர்களும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.